வறுத்த மண்

மேலக்கோம்பையில் அந்த வாரம் ஒரு வீட்டிலும் மாவு பொங்கவில்லை.

பெருமாயி முதலில் உப்பைக் குறை சொன்னாள், பிறகு கிரைண்டரை, பிறகு ரேஷன் உளுந்தை. கடைசியில் எதிர்வீட்டுச் செல்லத்தாயியின் கண் பட்டுவிட்டது என்று முடிவுகட்டி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். போட்ட கையோடு செல்லத்தாயியே தன் மாவுச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏத்தா பெருமாயி, ஒரே கெணத்துத் தண்ணியத்தான ரெண்டு பேரும் ஊத்துறோம். என் மாவும் அசையாமக் கெடக்கு. நீ என்னமும் வச்சுக் கிச்சு விட்டியா?"

பெருமாயி வீட்டு மாடியறையில் குடியிருந்த சுகிர்தா இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். இரண்டு சட்டிகளையும் எட்டிப் பார்த்தாள். மாவு ஆட்டியது ஆட்டியபடியே கிடந்தது. ஒரு குமிழி இல்லை, புளித்த வாசனை இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பச்சை உளுந்தின் ருசிதான் இருந்தது. அவள் சிரிப்பு நின்றுபோனது.

"தயிர் தோயுதாக்கா?"

"அதை ஏன் கேக்குற. பாலு பாலாவே இருக்கு. தோயவும் மாட்டேங்குது, கெட்டுத் தொலையவும் மாட்டேங்குது."

மாவைப் பொங்க வைப்பதும் பாலைத் தோய வைப்பதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அந்தக் கிருமிகளை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. எது என்று சுகிர்தாவுக்குத் தெரியும். அதை உண்டாக்கியவளே அவள்தான்.

சுகிர்தா நாகர்கோவில் பக்கத்துக்காரி. மண்ணிலிருந்து வரும் பயிர்நோய்களைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அவள் இந்த ஊருக்கு வந்த காலத்தில் வாழை என்ற ஒன்று ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. வாடல் நோய் மண்ணுக்குள் பதுங்கி இருக்கும். வேர் வழியாக ஏறும். குலை தள்ளுகிற நேரம் பார்த்து மரத்தைச் சாய்க்கும். மருந்து கிடையாது. ஒரு தடவை புகுந்துவிட்டால் அந்த மண்ணில் பேரப்பிள்ளை காலத்திலும் வாழை வைக்க முடியாது. கல்யாண வீட்டு வாசலில் பிளாஸ்டிக் வாழைமரம் கட்டினார்கள். அதற்கும் முகூர்த்த நாளில் வாடகைக்கு அடிபிடி. கோயில்களில் மரத்தால் செய்த பழம் இரண்டை அர்ச்சனைத் தட்டில் வைத்து, பூசை முடிந்ததும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சாமியும் ஒன்றும் சொல்லவில்லை.

நன்றாக மட்கிய குப்பைக்கு நோயை அடக்கும் குணம் உண்டு என்பது பழைய சங்கதி. குப்பையில் கோடிக்கணக்கில் வாழும் நல்ல கிருமிகள், வேரைத் தாக்க வரும் பூஞ்சையைத் தின்னும், பட்டினி போடும், இடம் விடாமல் நெருக்கித் தள்ளும். சங்கடம் என்னவென்றால் ஒரு குப்பைக்கு அந்தக் குணம் இருக்கும், பக்கத்துக் குப்பைக்கு இருக்காது. இந்த வருடம் இருப்பது அடுத்த வருடம் போய்விடும். சுகிர்தா அந்தக் கிருமிகளுக்கு மறதி இல்லாமல் செய்தாள். எதிரியை ஒரு தடவை கண்டால் தலைமுறை தலைமுறையாக நினைவு வைத்துத் தேடித் தின்னும்படி அவற்றை மாற்றினாள். அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் அந்த மட்குரத்துக்கு ஏதோ எண் கொடுத்திருந்தது. சோதனைக்குத் தன் வாழைக்கொல்லையைக் கொடுத்த பெருமாயியின் புருசன் தவசி, "காவக்காரன்" என்று பேர் வைத்தார். அந்தப் பேரே நிலைத்தது.

முதல் வண்டி உரம் வந்து இறங்கிய அன்று தவசி ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்ல மழைக்கு மண்ணு மணக்குற மாதிரி இருக்கு. சரி, இது அதுபாட்டுக்குப் பெருகிக்கிட்டே போனா யாரு புடிச்சுக் கட்டுறது?"

"போகாதுண்ணே. வாழை வேர்ல ஒரு சாறு கசியும். அதைக் குடிச்சாத்தான் இதுக்கு உயிர். வாழை இல்லாத எடத்துக்குப் போனா பட்டினியாலயே செத்துரும்."

"அப்பச் சங்கிலி போட்ட நாயி."

"ஆமாண்ணே."

"நாயி சங்கிலியத் தின்னு பழகாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சுகிர்தாவும் சிரித்தாள்.

கொல்லையைச் சுற்றிப் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு நிரப்பினார்கள். உரத்தை வேறு வாழைக்குப் போடக்கூடாது, விற்கக்கூடாது, எந்த வெள்ளாமைக்கும் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சுகிர்தா படித்துப் படித்துச் சொன்னாள். புருசனும் பெண்டாட்டியும் சொன்ன சொல் தவறவில்லை. மண்ணில் நோய் இருந்தது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் குலை இறங்கிய நாளில் தவசி அதை மடியில் கிடத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். வெளியூரிலிருந்து ஆட்கள் கார் வைத்துக்கொண்டு வந்து வாழைமரத்தோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சுகிர்தா அந்த நாட்களில் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

இப்போது மாவு பொங்கவில்லை.

அவள் தவசியை அழைத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். தை அறுப்பு முடிந்திருந்தது. அறுத்த தாள் வயலில் மஞ்சள் குறையாமல் கிடந்தது. மடக்கி உழுது ஒரு மழையும் பெய்த வயலில்கூட மண்ணைக் கிளறினால் வைக்கோல் புதிதாகப் பளபளத்தது. தவசி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு காட்டுறேன். பெருமாயிகிட்டச் சொல்லாத, பயந்துருவா."

கிணற்று மேட்டில் ஒரு வேப்பமரத்தடியில் அவர் மண்வெட்டியால் தோண்டினார். ஐப்பசியில் கழிச்சல் வந்து செத்த கன்றுக்குட்டியைப் புதைத்த இடம் அது. நாய் பிறாண்டியதைப் பார்த்து அவர் போன வாரம் ஒரு தடவை தோண்டியிருந்தார். மண் விலகியதும் கன்று தெரிந்தது. கண் மூடி, காது மடங்கி, நெற்றிச் சுட்டி வெள்ளையாக, தூங்குகிற மாதிரி கிடந்தது. நாற்றம் இல்லை. ஓர் எறும்புகூட இல்லை.

"மண்ணு இதத் தின்ன மாட்டேங்குதும்மா" என்றார் தவசி.

சுகிர்தா நெல்லின் வேரை எடுத்தாள். வரப்பில் இருந்த தட்டாம்பயற்றின் வேரை, அறுகின் வேரை, வேம்பின் வேரை எடுத்தாள். கொண்டுவந்து கருவியில் வைத்துப் பார்த்தாள். எல்லா வேரிலும் காவக்காரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இனி வாழை வேண்டாம். எந்த வேர் கசிந்தாலும் குடிப்பான். எது எதிரி, எது எதிரியில்லை என்ற கணக்கும் அவனுக்குப் போய்விட்டது. அழுகச் செய்கிறது, புளிக்கச் செய்கிறது, மட்கச் செய்கிறது எதுவானாலும் தின்றான்.

மறுநாள் காலை அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். பெருமாயி பொங்காத மாவை எறிய மனசில்லாமல் வெங்காயம் அரிந்து போட்டு அடையாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்த உரத்த யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"எவளுக்கும் குடுக்கலயே. செல்லத்தாயி முருங்கைக்குக் கேட்டா. மாட்டேன்னுட்டேன். அதுக்குத்தான் என்மேல அவளுக்கு இம்புட்டுக் காட்டம்."

"ஒரு கைகூட?"

"வெள்ளாமைக்குக் குடுக்கக் கூடாதுன்ன. நான் எதுக்குக் குடுக்கேன்?" பெருமாயி அடையைத் திருப்பிப் போட்டாள். "மொளப்பாரிக்குத்தான் ஒரு கூடை எடுத்தேன். அது சாமி காரியமில்ல."

சுகிர்தா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமாயி அவள் பக்கம் திரும்பாமலே பேசிக்கொண்டு போனாள். போன புரட்டாசிக்கு முந்தின வருடம் மந்தையம்மன் பொங்கலில் பாதி வீட்டு முளைப்பாரி தூர் அழுகிச் சாய்ந்துவிட்டது. முளைப்பாரி அழுகினால் ஊருக்கு ஆகாது. அந்த வருடம் அவள் மகள் ராசம்மாவுக்கு வயிற்றில் நின்றது தங்கவில்லை. ஊரில் யாரும் நேராகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் பெருமாயியின் சட்டியைத்தான் பார்த்தார்கள். அதனால் இந்தத் தடவை அவள் ஒரு கூடை உரத்தை முளைப்பாரி வீட்டுக்குக் கொண்டுபோய், ஆளுக்கு ஒரு கை என்று எல்லாச் சட்டியிலும் போட்டாள்.

"நீயும் பாத்தல்ல? என்ன வளத்தி. ஒரு நாத்துச் சாயலயே. ராசம்மாளுக்கும் பொம்பளப்பிள்ள பொறந்து நல்லாருக்கு. எல்லாம் ஒன் உரம் செஞ்ச புண்ணியம்."

சுகிர்தா பார்த்திருந்தாள். பெண்கள் வரிசையாகத் தலையில் சுமந்து வந்தபோது தெருவோரம் நின்று படம்கூட எடுத்தாள். எவ்வளவு அழகு என்று நினைத்தாளே தவிர, ஏன் அழுகவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. நவதானியம், ஒன்பது வேர். வெளிச்சம் படாத அறை, ஈரம், வெதுவெதுப்பு, காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர். வாழையை மட்டுமே அறிந்த ஒரு கிருமிக்கு மற்ற வேர்களைப் பழக்க வேண்டும் என்று அவளே ஒரு சோதனைக்கூடம் கட்டியிருந்தால் இவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருக்க மாட்டாள். அதன் பிறகு அத்தனை சட்டியையும் மந்தையம்மன் பீடத்தில் இறக்கி வைத்துக் கும்பிட்டு, கொண்டுபோய்க் கண்மாயில் கரைத்தார்கள். ஐப்பசியில் மடை திறந்து ஊர் முழுக்கப் பாய்ச்சினார்கள்.

"எதுக்குக் கேக்குற? தப்பா?" பெருமாயி இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பெண்ணின் முகம் என்ன ஆகும் என்று நினைத்தாள். சாயங்காலத்துக்குள் செல்லத்தாயிக்குத் தெரியும், விடிவதற்குள் ஊருக்குத் தெரியும். சாய்ந்த சட்டிக்கே அப்படிப் பார்த்த ஊர் இதற்கு என்ன செய்யும் என்றும் நினைத்தாள்.

"இல்லக்கா. சும்மா கேட்டேன்" என்றாள் சுகிர்தா.

நிலையத்தின் இயக்குநர் கங்காதரன் போனில் கேட்டபோதும் மழைத்தண்ணீரில் சுண்ணாம்புப் பள்ளம் உடைந்து கண்மாய்க்குப் போயிருக்கும் என்றுதான் சொன்னாள். எப்படிப் போனால் என்ன, போய்விட்டது. அவளுக்கு அது ஒரு பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. இரக்கப்பட்டுச் சொன்னது.

"கண்மாய்க்கு வெளிய?" என்று கேட்டார் கங்காதரன்.

"இந்த வருசம் மழை கம்மி சார். கண்மாய் நெறஞ்சு மறுகால் போகல. ஆத்துக்கு ஒரு சொட்டுப் போகல. தண்ணி பாஞ்ச வயலுக்குள்ளதான் இருக்கு."

"அழிக்க வழி?"

"ஒரே வழிதான். எந்த வேரும் இருக்கக் கூடாது. வேர் இல்லாட்டி அது செத்துரும். புல்லு பூண்டு இல்லாம ஒரு வருசத்துக்கு மேல மொட்டையாக் கெடக்கணும்."

"மனுசங்க?"

ஊரைக் காலி செய்யவேண்டும் என்று அவரே பதிலும் சொன்னார்.

ஊர் மந்தையில் கூட்டம் போட்டார்கள். சுகிர்தாதான் பேசவேண்டியிருந்தது. இளவட்டம் ஒருவன் எழுந்து, "நோயத்தான திங்குது, நல்லதுதான? யூரியாவப் போட்டு வெள்ளாமை பண்ணிக்கிட்டா என்ன?" என்று கேட்டான்.

"அழுகுறதுதான் தம்பி அடுத்த வெள்ளாமைக்குச் சோறு. தாளு மட்கணும், சாணி மட்கணும், நாமளும் ஒருநாள் மட்கணும். அது நின்னுபோச்சுன்னா மண்ணு வெறும் பொடி. மூட்டை மூட்டையா யூரியா போட்டாலும் ரெண்டு போகம், மூணு போகம். பெறகு எதுவும் மொளைக்காது. இது ஆத்துல எறங்குச்சுன்னா நம்ம ஊரோட போகாது. தண்ணி பாயிற எடமெல்லாம் போயிரும்."

தவசி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "எங்க வாழை?"

"வெட்டணும்ணே."

"நல்லா இருக்குற மரத்தையா?"

அவள் தலையாட்டினாள். தவசி தன் கொல்லையை வேறு யாரையும் தொடவிடாமல் தானே வெட்டினார். தள்ளியும் தள்ளாமலும் இருந்த குலைகளை வரிசையாக வரப்பில் அடுக்கி வைத்து, எண்ணெய் ஊற்றி எரிக்கும் ஆட்கள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சுகிர்தா அந்தப் பக்கம் போகவில்லை.

வைகாசியில் ஊரைக் காலி செய்தார்கள். காவிரிக் கரையில், கல்லணைக்குக் கீழே, அரசாங்கம் ஒரு காலனி கட்டிக் கொடுத்திருந்தது. துணியெல்லாம் கொதிக்கவைத்துத்தான் எடுத்துப் போகவேண்டும். பாத்திரமும் அப்படித்தான். விதை, செடி, தொட்டி, ஆட்டுக்கல் எதுவும் கூடாது. ஊர் எல்லையில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டி. அதில் முழங்கால் வரை நனைத்துவிட்டுத்தான் பஸ் ஏறவேண்டும். ஆடுமாடுகளை விட்டுவிட்டுப் போகச் சொன்னபோது ஊரே அழுதது. மந்தையம்மன் பீடத்துக்கு மேலே கவிந்திருந்த ஆலமரத்தை வேரோடு பெயர்த்தபோது யாரும் அழவில்லை. அதற்குள் கண்ணீர் வற்றிப் போயிருந்தது.

புறப்படும் நாள் காலையில் பெருமாயி மாடியேறி வந்தாள்.

"சுகிர்தா, ஒண்ணே ஒண்ணு கேப்பேன். முடியாதுன்னு சொல்லக் கூடாது."

"என்னக்கா?"

"பிடிமண்ணு எடுத்துக்கிறேன். தாயி பீடத்துல இருந்து ஒரு கை. போற எடத்துல அவளும் வேணும்ல. அவள இங்கன விட்டுட்டு நாங்க மட்டும் போயி என்னத்தத் திங்கப் போறோம்."

மண் ஒரு துகளும் வெளியே போகக்கூடாது என்பது உத்தரவு. உத்தரவை எழுதச் சொன்னதே சுகிர்தாதான். ஆனால் பெருமாயியின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல முடியவில்லை. வீடும் கொல்லையும் மாடும் போய், ஒரு கை மண் கேட்டு நிற்கிறாள். அதுவும் தன்னால் போனது என்று தெரியாமல், போகவைத்தவளிடமே கேட்டு நிற்கிறாள்.

"வறுத்து எடுத்துட்டுப் போங்க" என்றாள் சுகிர்தா. "நான் முன்னால நிக்கிறேன். நல்லா புகை வர வறுத்துட்டா அதுல எதுவும் இருக்காது."

பெருமாயி வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, "சரித்தா" என்றாள்.

வாசலில் கல்லைக் கூட்டி இரும்புச்சட்டியை வைத்தார்கள். சாமிமண்ணைச் சட்டியில் போட்டபோது பெருமாயி கண்ணை மூடிக்கொண்டாள். சுகிர்தாவே கரண்டி பிடித்து வறுத்தாள். மண் முதலில் ஈரம் கக்கியது, பிறகு கறுத்தது, பிறகு சாம்பல் நிறத்துக்கு வந்தது. சுட்ட ஓட்டின் வாசனை அடித்தது. இனிப் போதும் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் வறுத்தாள். ஆறவைத்து மஞ்சள் துணியில் முடிந்து தன் கையாலேயே பெருமாயியிடம் கொடுத்தாள். பெருமாயி அதைக் கண்ணில் ஒற்றி மடியில் செருகிக்கொண்டு, மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு வருகிறேன் என்று பீடத்துக்குப் போனாள். சுகிர்தா அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் போன பிறகு ஊரில் சத்தமே இல்லை.

அதற்குப் பிந்தைய காலத்தில் சுகிர்தாவின் வேலை ஒன்றே ஒன்றுதான். களைக்கொல்லி அடித்து மொட்டையாகக் கிடந்த மேலக்கோம்பைக்கு மாதாமாதம் போய் மண் எடுத்து வந்து பார்ப்பாள். பத்திரிகைகள் அவளைக் கிழித்தன. நிலையத்தில் அவளோடு ஒரு மேசையில் சாப்பிட ஆள் இல்லை. அவள் அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அந்தக் கண்மாய்க்கு வெளியே ஒரு துளி போகாமல் அது செத்துவிட வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் விடிந்தால் எழுந்தாள். மண்ணில் காவக்காரன் மாதாமாதம் குறைந்தான். காலனி மண்ணை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

தவசி காலனிக்குப் போன முதல் வருடமே இறந்துபோனார். நோய் என்று ஒன்றும் இல்லை. அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது, அவ்வளவுதான். பெருமாயி போனில் சொன்னாள்: "மண்ணு வெட்டாத ஆளு எத்தன நாளைக்குத்தான் செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பாரு."

இரண்டாம் வருடம் புரட்டாசியில் எடுத்த மண்ணில் காவக்காரன் இல்லை. சுகிர்தா நம்பாமல் மறுபடி எடுத்தாள். கண்மாயில், கொல்லையில், பீடம் இருந்த இடத்தில் எல்லாம் எடுத்தாள். எங்கேயும் இல்லை. சாதாரண மண்ணில் இருக்கும் சாதாரணப் பூஞ்சை ஒன்று காற்றில் வந்து ஒட்டி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அழுகல் திரும்பிவிட்டது. அவள் ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். அழுதுவிட்டுப் பெருமாயிக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு வரேன்க்கா. நேர்ல ஒண்ணு சொல்லணும்."

"வாத்தா, நாளைக்குத்தான் இங்கன மொதப் பொங்கலு. நானே ஒன்னக் கூப்புடணும்னு இருந்தேன்."

பஸ் தாமதமாகி அவள் போய் இறங்கும்போது உச்சி திரும்பிவிட்டது. வழியெல்லாம் சம்பா நட்ட வயல்கள், பார்த்த இடமெல்லாம் பச்சை. காவிரியில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. காலனி முகப்பில் சீரியல் விளக்குத் தோரணம். நடுவில் சிமெண்டுத் திண்டு கட்டி மண் பீடம், பக்கத்தில் ஆள் உயரம் வளர்ந்த வேப்பங்கன்று. தெருவில் பெண்கள் ஈரச் சேலையோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாயி அவளைப் பார்த்து, "வாம்மா, நல்லாருக்கியா?" என்றாள்.

பெருமாயி இளைத்திருந்தாள். வெறும் நெற்றி. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. ராசம்மாவின் மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சுகிர்தா வாசற்படியிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஊரு சுத்தமாயிருச்சு. எங்கயும் இல்ல. இனி புல்லு வெதச்சுப் பாப்பாங்க. பெறகு நீங்க திரும்பிரலாம்."

பெருமாயி அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். "அவரு இதக் கேட்டுட்டுச் செத்துருக்கலாம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வா. ஒனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளறை இருட்டாக இருந்தது. மூலையில் ஒரு முளைப்பாரிச் சட்டி.

சுகிர்தா அருகே போய்க் குனிந்தாள். நாற்று முழ உயரம் நின்றது. வெளிர்மஞ்சளும் இளம்பச்சையுமாக, நெருங்கி, நேராக. அவள் தண்டுகளை விலக்கித் தூரைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனாள். இந்த ஈரத்தில், இந்தப் புழுக்கத்தில், ஒரு தண்டாவது தூரில் கறுத்திருக்க வேண்டும். ஒன்றாவது சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

"மத்ததெல்லாம்?"

"காலையிலயே கரைச்சாச்சு. நல்ல நேரம் போயிரும்னாக. ஒன்னோடத மட்டும் நிறுத்தி வச்சேன். எங்களுக்காக அம்புட்டு அலைஞ்சவ, நீ ஒங் கையால கரைக்கணும்னு தாயிகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"சட்டிக்கு எந்த மண்ணுக்கா போட்டீங்க?"

"பீடத்து மண்ணுதான். ஆளுக்கு ஒரு கை."

"அது வறுத்த மண்ணுக்கா."

பெருமாயி தலையைக் குனிந்துகொண்டாள். குற்றம் செய்த பிள்ளை மாதிரி அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "கோவிச்சுக்காத. வறுத்த மண்ணுல தாயி எப்படித்தா இருப்பா? நீ வறுக்குறப்பவே எனக்கு ஈரக்கொலை பதறிப்போச்சு. அதான் குங்குமம் வைக்கப் போனப்ப ஒரு சிட்டிகை கொண்டையில முடிஞ்சுக்கிட்டேன். வயக்காட்டு மண்ணு இல்ல, சாமி பீடத்து மண்ணு. இங்கன கொண்டாந்து போட்டு வேப்பங்கன்ன வச்சேன். எப்படிப் புடிச்சுக்கிருச்சு பாத்தியா? அவ வந்துட்டா."

சுகிர்தா சட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை. அன்றைக்கு அந்த அடுப்படியில், முளைப்பாரியால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பெண் செத்தாலும் சட்டியில் மண் போட்டிருக்க மாட்டாள். பீடத்து மண்ணை நகத்தாலும் தொட்டிருக்க மாட்டாள். மனசு நோகக்கூடாது என்று சொல்லாமல் விட்டாள். இப்போது சொல்லி என்ன? ஆறு காலையிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டது. இந்நேரம் எந்த வாய்க்காலில் திரும்பியிருக்கும், எத்தனை மடையில் ஏறியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். வழியில் பார்த்த பச்சை முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த ஒரு சட்டியை அடுப்பில் வைத்து எரிக்கலாம். எரித்து என்ன செய்வது?

"ஏன் மொகம் இப்படிப் போயிருச்சு? பசியா?" பெருமாயி அவள் கன்னத்தைத் தொட்டாள். "ரெண்டு இட்லி தின்னுட்டுக் கெளம்புவோம். கொஞ்சம் கல்லா இருக்கும், பொறுத்துக்க. முந்தாநாள்ல இருந்து மாவு பொங்க மாட்டேங்குது. இந்த ஊரு உளுந்து சரியில்ல."

சுகிர்தா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்பச் சரி, மொதல்ல கரைச்சுட்டு வந்துருவோம். அந்தா, அவளுக காத்துக்கிட்டு நிக்கிறாளுக."

பெருமாயி துண்டை முறுக்கிச் சும்மாடு சுற்றினாள். சட்டியைப் பூப்போல இரண்டு கையாலும் தூக்கினாள். வாசலில் பெண்கள் குலவை போட ஆரம்பித்தார்கள். சுகிர்தா எழுந்து நின்று தலையைக் குனிந்து கொடுத்தாள்.